மேஸ்திரி வீட்டுப் பேட்டரி

சாவியைத் திருகினார் குருசாமி. கார் 'டிக்' என்றது. இன்னொரு தடவை திருகினார். பல்லி சொல்வது போல 'டிக், டிக்' என்று சொல்லிவிட்டு அதுவும் நின்றுபோனது.

"ஏட்டி செல்வி. யாரு காரைத் தொட்டது?"

அடுப்படியில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி செல்வலட்சுமி கத்தியோடு வாசலுக்கு வந்தாள். "நான் எதுக்கு அதைத் தொடப் போறேன்? எனக்கு வேற சோலி இல்லையா?"

"காலையில மெக்கானிக் பாரூக் பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்தி மாட்டிவிட்டான். ஒரே திருகல்ல ஸ்டார்ட் ஆச்சு. நீயும் பாத்துக்கிட்டுத்தான நின்ன? நான் மில்லுக்குப் போயிட்டு வாரதுக்குள்ள செத்துக் கெடக்கு. நின்ன எடத்துலயே நிக்கிற வண்டிக்குக் கரண்டு எங்கிட்டுப் போகும்?"

"என்னையக் கேட்டா? கரண்டு ஆபீஸ்ல போயிக் கேளுங்க."

குருசாமி கார்க் கதவை அறைந்து சாத்தினார். முன்னால் கட்டியிருந்த எலுமிச்சம்பழம் அறுந்து விழுந்து சாக்கடைப் பக்கம் உருண்டு போனது. அதையும் ஒரு வசவு வைதார்.

குருசாமிக்குக் கோபம் வருவது புதுசில்லை. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் அவர் ஸ்பின்னிங் மேஸ்திரி. முப்பது வருஷமாக மிஷின் இரைச்சலுக்கு மேலே கத்தி வேலை வாங்கிய தொண்டை, வீட்டுக்கு வந்தாலும் இறங்காது. குழம்பில் உப்புக் குறைந்தாலும் அதே சத்தம், சீப்பைக் காணவில்லை என்றாலும் அதே சத்தம். ஆனால் இது அப்படிப்பட்ட தினப்படிக் கோபம் இல்லை. இதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் குடியிருந்தது. பெயர் ஆவுடையம்மாள். குருசாமியின் ஒரே மகள் மாரீஸ்வரிக்கு மாமியார்.

போன தீபாவளிக்கு மகள் வீட்டுக்குச் சீர் கொண்டுபோயிருந்தார்கள். ஆவுடையம்மாள் வீடு நிறைய விருந்தாளிகள். ஆளுக்கு இரண்டு கட்டைப்பையும், நடுவே தூக்கிப் பிடித்த அட்டைப்பெட்டியுமாக, குருசாமியும் செல்வியும் வியர்த்து வடிந்து உள்ளே நுழைந்தார்கள்.

"பஸ்ஸுலயா வந்தீக சம்பந்தி?" என்று கேட்டாள் ஆவுடையம்மாள். கேட்டதோடு விட்டிருக்கலாம். விருந்தாளிகள் பக்கம் திரும்பி, "பாவம்" என்றும் சொன்னாள்.

பஸ்ஸில் போவதில் என்ன பாவம் இருக்கிறது? ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் அதன் முதுகிலேயே முட்டிக்கொண்டு நிற்கும். அரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம். ஊரே அப்படித்தான் போய் வருகிறது. ஆனால் அந்தச் சொல் குருசாமிக்குத் தொண்டையில் மீன்முள்ளாகச் சிக்கிக்கொண்டது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. பொங்கலுக்குள் ஒரு பழைய வெள்ளைக் கார் வாசலில் வந்து நின்றது.

அதற்கப்புறம்தான் மகள் உண்டாகியிருக்கிற சேதி வந்தது. குருசாமி அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார். ஒன்பதாம் மாசம் வளைகாப்பு. முடிந்த கையோடு மகளைப் பேறுகாலத்துக்கு அழைத்துவர வேண்டும். மகளைக் காரின் முன்சீட்டில் உட்காரவைத்து, ஆவுடையம்மாள் வாசலில் நின்று பார்க்கப் பார்க்க, ஹாரன் அடித்துவிட்டுத் தானே ஓட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். இந்த ஒரு காட்சிக்காகத்தான் ஐம்பத்து மூன்று வயதில் அவர் கார் ஓட்டப் பழகினார். பழகிக் கொடுத்தவர் இப்போதெல்லாம் குருசாமியைத் தூரத்தில் கண்டாலே பக்கத்துக் கடைக்குள் நுழைந்துவிடுகிறார். நன்றி சொன்னால் கூச்சப்படுகிற மனுஷன் போலிருக்கிறது.

ஓட்டுவதில் அவருக்கு ஒரு குறையும் கிடையாது. குறை எல்லாம் தெருவில்தான். முடங்கியாறு ரோட்டை ஒட்டிய அந்தத் தெரு, மாட்டு வண்டிக்கு அளவெடுத்துப் போட்டது. அதில் ஒருவன் முருங்கைமரம் வைத்திருந்தான். மூன்று தடவை ஹாரன் அடித்தும் அது ஒதுங்கவில்லை, விழுந்துவிட்டது. கடைக்கார சேக் முகைதீன் தண்ணீர்க் கேன்களைக் கடை வாசலில் அடுக்கியிருந்தார். கடைக்குள் இடமா இல்லை? தெருவுக்குப் பொதுவான தண்ணீர்த் தொட்டியின் தூண் ஒன்று லேசாகச் சாய்ந்திருக்கிறது. அது முன்பே சாய்ந்திருந்தது என்பது குருசாமியின் கட்சி. மற்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவரிடம் போய் யார் சொல்வது? சேக் முகைதீன் மட்டும் ஒருநாள் பக்குவமாக, "அண்ணாச்சி, ஆத்திர அவசரத்துக்கு ஒரு டிரைவரை வச்சுக்கிட்டா என்ன?" என்று கேட்டுப் பார்த்தார். குருசாமி கத்திய கத்தலில் கடையில் தொங்கிய வாழைத்தார் ஆடியது. ஒரு மாசம் அந்தக் கடையில் அவர் வெற்றிலைகூட வாங்கவில்லை.

ஆனால் அந்தத் தெருவுக்கு ஒரு ஒழுங்கு வந்ததே அவரால்தான். அதையும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டாரை யார் போடுவது, யார் நிறுத்துவது என்று தினமும் குடுமிப்பிடி. ஒருநாள் குருசாமி நடுத்தெருவில் நின்று மில்லில் கத்துவது போலக் கத்தினார். "பொதுக் காரியம்னா ஆளுக்கொரு நாள் முறை வைக்கணும். இன்னைக்கு ஒரு வீடு, நாளைக்கு அடுத்த வீடு. முறைக்காரி மறந்தா மத்தவுக ஞாபகப்படுத்தணும். எங்க மில்லுல அப்படித்தான் ஷிப்ட் நடக்கு." அன்றிலிருந்து மோட்டார்ச் சாவி வீடு வீடாகப் போகிறது. பிள்ளையார் கோயில் எண்ணெய்க்கும் முறை, சாக்கடை அள்ளுவதற்கும் முறை. பெண்கள் அவ்வளவு சுத்தமாக நடத்துவார்கள் என்று குருசாமியே எதிர்பார்க்கவில்லை.

இப்போது வளைகாப்புக்கு இரண்டு வாரம்கூட இல்லை. கார் 'டிக்' என்கிறது.

சாயங்காலம் மாரீஸ்வரி போன் பண்ணினாள். இந்தக் கொஞ்ச நாளாக அவள் தவறாமல் பண்ணுகிறாள்.

"அப்பா, இன்னைக்குக் கார் ஸ்டார்ட் ஆச்சாப்பா?"

"ஆகலம்மா. காலையில ஆச்சு, இப்பம் ஆகலை."

மகள் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். "சரிப்பா. விடுங்க. மனசுல வச்சுக்கிடாதீக. ஒடம்பைப் பாருங்க."

போனை வைத்த குருசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. "கேட்டியாடி? பிள்ளை எப்படிப் பெருமூச்சு விடுது பாரு. நம்ம கார்ல வரணும்னு எம்புட்டு ஆசை அதுக்கு."

"ஆமா, ஆமா," என்றாள் செல்வி. வெண்டைக்காய் கருகுகிறதென்று உள்ளே போய்விட்டாள்.

ஆசை இருக்காதா? அஞ்சாம் மாசத்தில் ஒரே ஒரு தடவைதான் அவள் அந்தக் காரில் ஏறினாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கிளம்பினார்கள். வழியில் சிமெண்டு ஏற்றிய லாரிக்காரன் ஒருவன் பின்னாலிருந்து ஹாரன் அடித்தான். குருசாமி ஹாரன் அடிக்கலாம், பிறத்தியார் அடிக்கக் கூடாது. லாரியை முன்னால் விட்டு, துரத்திப் பிடித்து, முந்தி, பிரேக் போட்டு, கண்ணாடியை இறக்கி அவன் பாட்டன் வரைக்கும் விசாரித்தார். வன்னியம்பட்டி விலக்கு வந்ததும் மாரீஸ்வரி, "அப்பா, கொமட்டுது. நான் பஸ்ஸுல வந்துருதேன்" என்று இறங்கிவிட்டாள். மசக்கை போகாத பிள்ளை. அந்த ஏக்கம் அவளுக்கு இன்னும் தீரவில்லை.

மறுநாள் மெக்கானிக் பாரூக் வந்தான். மீட்டரை வைத்துப் பார்த்தான். டைனமோவைப் பார்த்தான். ஒயர் ஒயராகத் தடவிப் பார்த்தான்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. எங்கயும் லீக் இல்லை."

"லீக் இல்லைன்னா கரண்டை யாரு குடிச்சா? ஒங்க அப்பனா?"

பாரூக் செல்வியைப் பார்த்தான். செல்வி வானத்தைப் பார்த்தாள். "பழைய பேட்டரி அண்ணாச்சி," என்றான் அவன். "புதுசு போட்டுப் பாக்கலாம். ஆனா நிக்கிற வண்டி, நான் சத்தியம் எல்லாம் பண்ண மாட்டேன்."

புதுப் பேட்டரி போட்டார்கள். சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, ஒரே திருகலில் ஸ்டார்ட் செய்து, தெருமுனை வரை போய் வந்தார். போனபோது தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. வெயிலுக்குப் பயந்த தெரு.

அடுத்த நாள் சாயங்காலம் மில் விட்டு வந்து சாவியைத் திருகினார். டிக்.

குருசாமிக்குக் காது மடல் சிவந்தது. பழைய பேட்டரியும் இறங்குகிறது, புதுப் பேட்டரியும் இறங்குகிறது. மெக்கானிக் லீக் இல்லை என்கிறான். அப்படியென்றால் திருட்டுத்தான். திருடன் யார்? காருக்கு நேர் எதிரே சேக் முகைதீன் கடை. கடைக்குள் புதிதாக ஒரு ஐஸ்கிரீம் பெட்டி, இருபத்து நாலு மணி நேரமும் உறுமிக்கொண்டு நிற்கிறது. உறுமுவதற்குக் கரண்டு வேண்டாமா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார்.

"ஏம்ப்பா சேக்கு. ஒன் ஐஸ்பெட்டிக்கு என் கார்லருந்தா ஒயர் இழுத்திருக்க?"

சேக் முகைதீன் சீனி மடித்துக்கொண்டிருந்தார். மடித்து முடித்து, நூல் சுற்றி, அறுத்து, அதற்கப்புறம்தான் நிமிர்ந்தார். "அண்ணாச்சி, கார் பேட்டரியில இந்தப் பொட்டி ஓடும்னா நான் எதுக்கு மாசா மாசம் கரண்டு பில்லு கட்டி அழுதுக்கிட்டு இருக்கேன்? உள்ள வந்து பாத்துக்கோங்க."

குருசாமி உள்ளே போய்ப் பார்த்தார். பெட்டியை நகர்த்திப் பார்த்தார். நகர்த்தியதில் பிளக் பிடுங்கிக்கொண்டதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. இரவுக்குள் ஐஸ்கிரீம் முழுக்கப் பாயசமாகிவிட்டது. கோபப்பட வேண்டியவர் சேக் முகைதீன். ஆனால் அவர் பட்டுக்கொள்ளவில்லை. "பரவால்ல, நம்ம பிள்ளை மாரிக்கு வளைகாப்பு நல்லபடியா நடக்கட்டும். எங்க மச்சான் வேன் ஒண்ணு சும்மாதான் நிக்கி. வேணும்னா அன்னைக்கு அதுலயே எல்லாரும் போயிட்டு வந்துருவோம்," என்றார்.

"வேன்லயா?" குருசாமிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "பஸ்ஸுலயா வந்தீகன்னு கேட்டவ, வேன்லயா வந்தீகன்னு கேக்கவா? நான் செத்தாலும் சொந்தக் கார்லதான் சாவேன்."

"அதுதான் அண்ணாச்சி எங்களுக்கும் பயமா இருக்கு," என்று சொல்லி, சேக் முகைதீன் சட்டென்று அடுத்த பொட்டலத்தை மடிக்க ஆரம்பித்தார்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது செல்வி ஒரு யோசனை சொன்னாள். "வெயில்ல நின்னா பேட்டரி காஞ்சுபோகுமாம். காருக்கு நல்ல கெட்டியா ஒரு உறை வாங்கிப் போட்டா என்ன?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் சொன்ன யோசனையில் ஒன்றைக்கூட குருசாமி கேட்டதில்லை. அன்றைக்கு என்னவோ கேட்டார். வெளிச்சம்கூட ஊடுருவாத கறுப்புப் பிளாஸ்டிக் உறை ஒன்றை வாங்கிவந்து, காரைத் தலையோடு கால் மூடி, நைலான் கயிற்றால் இறுக்கி, மில்லில் நூல் அறுந்தால் போடுகிற முடிச்சைப் போட்டார். தெரியாதவர்கள் அதை அவிழ்க்க வேண்டுமென்றால் கத்திதான் தேட வேண்டும்.

உறை போட்ட பிறகு பேட்டரி இன்னும் வேகமாக இறங்கியது.

குருசாமி விடவில்லை. யாராவது கிட்டே வந்தாலே கத்துகிற அலாரம் ஒன்றை மாட்டினார். அது திருடன் வந்தால் மட்டும் கத்தும் என்றுதான் கடைக்காரன் சொன்னான். ஆனால் அது நாய் போனால் கத்தியது, மொபெட் போனால் கத்தியது, பக்கத்து வீட்டில் இட்லிக்கு மாவாட்டினால் கத்தியது. குருசாமிக்குப் போட்டியாக அந்தத் தெருவில் கத்துவதற்கு முதல்முதலாக ஒரு ஆள் வந்தது. இரண்டாம் நாள், மில் லீவான ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவரே போய், "ச்சீ நாயே, வாயை மூடு," என்று ஒயரைப் பிடுங்கி எறிந்தார். அலாரம் ஒயரோடு வேறு எதுவோ சேர்ந்து வந்துவிட்டது. அதிலிருந்து ஹாரனை அமுக்கினால் வைப்பர் ஆடியது.

அந்த மத்தியானம் மூன்றாவது வீட்டு பியூலா வெளியே வந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ராத்திரி டியூட்டி முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தவளை அலாரம் எழுப்பியிருந்தது. அவள் இடத்தில் குருசாமி இருந்திருந்தால் காருக்கே தீ வைத்திருப்பார். பியூலா அவரைப் படியில் உட்காரவைத்து, கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தாள்.

"ஏறிக் கெடக்கு அண்ணாச்சி. இம்புட்டுக் கோவம் ஆகாது. பேரன் பேத்தியைப் பாக்க வேண்டாமா?"

"நீ ஒருத்திதான் தாயி இந்தத் தெருவுல மனுசி," என்றார் குருசாமி. "மத்ததுக எல்லாம் என் கார் ஓடலைன்னு உள்ளுக்குள்ள சிரிக்குதுக. ஒனக்குத் தெரியுமா, அந்த ஆவுடையம்மா என்னையப் பாவம்னு சொன்னா. என் மக முன்னாலேயே சொன்னா. மக தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னா. அதுதான் தாயி எனக்கு இன்னும் ஆறலை."

பியூலா பட்டையைச் சுருட்டுவதை நிறுத்தினாள். என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் குருசாமி, அந்தப் பக்கம் போன ஒரு நாயைப் பார்த்து, "ஏய், கார்கிட்டப் போன, காலை ஒடிச்சிருவேன்," என்று கத்தினார். பியூலா பட்டையை மறுபடி சுருட்டிக்கொண்டு எழுந்து போனாள்.

அடுத்து, பேட்டரியையே கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தார். கட்டிலுக்கு அடியில், கைக்கெட்டுகிற தூரத்தில். யார் வந்து எடுக்கிறான் பார்த்துவிடலாம். விடிந்ததும் கொண்டுபோய் மாட்டினார். கோபத்தில் மாட்டினார். கோபத்துக்குப் பிளஸ் தெரியுமா, மைனஸ் தெரியுமா? 'படார்' என்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை.

பாரூக் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டான். "ஏன் அண்ணாச்சி, சும்மா கெடந்த வண்டியைக் கொலை பண்ணப் பாத்தீகளா?"

"நீ மரியாதையா ரிப்பேர் பண்ணுதியா, இல்லை ஒன்னையக் கொலை பண்ணட்டுமா?"

பியூஸ் மாற்றி, ஹாரனையும் வைப்பரையும் பிரித்து, பேட்டரியைக் கடைக்குக் கொண்டுபோய் ராத்திரி முழுக்கச் சார்ஜ் ஏற்றி, புதன்கிழமை சாயங்காலம் பாரூக் கொண்டுவந்து மாட்டினான். வெள்ளிக்கிழமை வளைகாப்பு. குருசாமி சாமியைக் கும்பிட்டுவிட்டுச் சாவியைத் திருகினார். கார் சிங்கம் போல உறுமியது. தெருவில் இரண்டு வீட்டுக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

போன் வந்தது. "அப்பா, இன்னைக்கு ஸ்டார்ட் ஆச்சாப்பா?"

"ஆயிருச்சும்மா. ஒரே திருகல். வெள்ளிக்கிழமை நீ நம்ம கார்ல, முன்சீட்டுல உக்காந்து வார. ஒன் மாமியா பாக்கட்டும்."

"நெசமாவாப்பா?" என்றாள் மாரீஸ்வரி. குரல் கம்மியிருந்தது.

"சந்தோசத்துல அழுகுதுடி பிள்ளை," என்றார் குருசாமி செல்வியிடம். சொன்ன கையோடு அவருக்கு ஒரு வைராக்கியமும் வந்தது. நாளை ஒரு நாள். நாளைக்குப் பகலில்தான் அந்தத் திருடன் வருவான். இத்தனை நாளும் பகலில், தான் மில்லில் இருக்கிற நேரத்தில்தான் பேட்டரி இறங்கியிருக்கிறது. இந்த முறை அவன் கையைப் பிடிக்காமல் விடுவதில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. செல்வியிடமும் சொல்லவில்லை. அவள் வாயில் ரகசியம் தங்காது என்பது அவருடைய முப்பது வருஷக் கணிப்பு.

வியாழக்கிழமை காலையில் வழக்கம் போலச் சாப்பாட்டுத் தூக்கை மாட்டிக்கொண்டு மொபெட்டில் கிளம்பினார். மொபெட்டைத் தெரிந்தவர் கடையில் நிறுத்திவிட்டு, பின்பக்கச் சந்து வழியாக நடந்து திரும்பினார். செல்வி குளிக்கப் போயிருந்த நேரம். உறையின் பின்பக்கத்தைத் தூக்கி, பின்கதவைத் திறந்து, காருக்குள் நுழைந்தார். அந்தக் கதவுக்கு மட்டும் பூட்டு விழாது. அவர் அறைந்து அறைந்து சாத்தியதில் போனது. அது அவருக்கும் பாரூக்குக்கும் மட்டும் தெரியும். உறையை இழுத்துவிட்டுக்கொண்டு, இரண்டு சீட்டுக்கும் நடுவில் உடம்பைக் குறுக்கிப் படுத்தார். பக்கத்தில் ஒரு மூங்கில் கம்பு.

உள்ளே இட்லிச் சட்டிக்குள் படுத்தது போல இருந்தது. வேர்வை காதுக்குள் ஓடியது. காரின் ரப்பர் வாசனையும் தூக்கிலிருந்த சாம்பார் வாசனையும் சேர்ந்து குமட்டியது. மகளுக்கு அன்றைக்கு ஏன் குமட்டியது என்று முதல்முறையாக அவருக்கு ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. கோபம் அதற்கு இடம் விடவில்லை. மனசுக்குள் ஒவ்வொருவராக நிறுத்தி வைதார். சேக்கு வந்தால் முதல் அடி முட்டியில். பாரூக்கு வந்தால் கையில். ஆவுடையம்மாளே ஆள் அனுப்பியிருந்தால், அவனை இந்தக் காரிலேயே கட்டி மடவார் வளாகத்துக்குக் கொண்டுபோய், கோயில் வாசலில் இறக்கிவிட வேண்டும்.

வெளியே தெரு தன் பாட்டுக்கு நடந்தது. தொட்டி மோட்டார் ஓடியது, நின்றது. மீன்காரர் சத்தம் வந்து போனது. சேக் முகைதீன் யாரிடமோ, "மச்சான்கிட்டச் சொல்லிட்டேன், நாளைக்கு விடியக்காலமே வேன் வந்துரும்," என்று சொன்னது காதில் விழுந்தது. குருசாமி பல்லைக் கடித்தார். வேணாம்னு சொன்னேனே, இவனுக்கு என்ன திமிர்.

அப்போது காலடிச் சத்தம் கேட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு வருகிற, பதற்றமே இல்லாத காலடி. கார்ப் பக்கம் வந்து நின்றது.

கயிறு அசைந்தது. குருசாமி கம்பைப் பிடித்தார். அவிழ்க்க முடியாமல் திணறப் போகிறான் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, அந்த மில் முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ்ந்தது. அந்த முடிச்சை அவர் உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். கல்யாணமான புதுசில், துணிக்கொடி கட்டும்போது.

உறை விலகி வெளிச்சம் வந்தது. பூட்டில் சாவி நுழைகிற சத்தம். கள்ளச்சாவி இல்லை. ஆண்டாள் படம் போட்ட வளையத்தில் கோத்த அசல் சாவி, வீட்டுக்குள் காலண்டர் ஆணியில் தொங்க வேண்டிய சாவி. முன்கதவு திறந்தது. வளையல் போட்ட கை ஒன்று உள்ளே நீண்டு, தேடாமல், தடவாமல், ஹெட்லைட் சுவிட்சைப் பிடித்து எரிகிற பக்கம் ஒரு திருகு திருகியது. தினமும் செய்து பழகிய கையைப் போல அவ்வளவு லாவகம்.

குருசாமி எழுந்து அந்தக் கையைக் கப்பென்று பிடித்தார். "மாட்டுனியா" என்று கத்த வாயைத் திறந்தவர், முகத்தைப் பார்த்ததும் கம்பைக் கீழே விட்டார்.

டியூட்டிக்குக் கிளம்பிய வெள்ளைச் சேலையில், தோளில் பையோடு, பியூலா குனிந்து நின்றாள்.

"தாயி, நீயா?" முப்பது வருஷத்தில் முதல்முறையாகக் குருசாமிக்குச் சத்தம் ஏறவில்லை. "எல்லாத்தையும் சந்தேகப்பட்டேன். ஒன்னைய மட்டும் சந்தேகப்படலையே. என் மகளைக் கார்ல கூட்டிட்டு வரணும்னு நான் கெடந்து துடிக்கேன். ஒனக்கு நான் என்ன தாயி பண்ணுனேன்?"

பியூலா கையை உருவிக்கொள்ளவில்லை. பழக்க தோஷத்தில் இன்னொரு கையின் விரலை அவர் மணிக்கட்டில் வைத்து நாடி பார்த்தாள். பார்த்துவிட்டு, ஒளிக்க ஒன்றுமில்லாதவளாகச் சொன்னாள்:

"இன்னைக்கு எங்க வீட்டு முறை அண்ணாச்சி. மறந்துறாதீக அத்தைன்னு காலையிலயே மாரீஸ்வரி போன் பண்ணி ஞாபகப்படுத்துச்சு."